ஒன்றேகால் மில்லிமீட்டர்

அந்தக் காரைப் பார்த்தால் எனக்குப் பயம் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். பிடிக்கும் என்று யாரிடமும் சொன்னதில்லை. இரண்டும் உண்மைதான். பயத்தைச் சொன்னால் வீட்டில் சிரித்துவிட்டு விட்டுவிடுவார்கள். பிடிக்கும் என்று சொன்னால், அதையே சாக்காக வைத்து என் கணவர் இன்னொரு பழைய வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவார்.

முப்பது வருடத்துக்கு முன் ஜப்பானில் செய்த ஸ்போர்ட்ஸ் கார் அது. தரையோடு தரையாகப் படுத்திருக்கும். இரண்டே கதவு, இரண்டே இருக்கை. பின்னால் ஒரு பை வைக்கலாம். சுவிட்சைப் போட்டால் முன்விளக்குகள் இரண்டும் மூடியைத் திறந்துகொண்டு எழுந்து நிற்கும். அதைப் பார்த்துத்தான் எங்கள் தெருப் பிள்ளைகள் தவக்களை என்று பெயர் வைத்தார்கள். மங்கலம்பேட்டைக்காரர் ஒருவர் வளைகுடாவில் இருபது வருடம் இருந்துவிட்டுத் திரும்பும்போது கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தது. ஸ்டியரிங் இடப்பக்கம். அப்போது எப்படியோ அதற்கு அனுமதி கிடைத்திருக்கிறது. தாள்கள் எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று நானே மூன்று முறை எடுத்துப் படித்துப் பார்த்தேன்.

அவர் காலமான பிறகு வண்டி தார்ப்பாய்க்குள் கிடந்தது. மகன்கள் வெளிநாட்டில். மகள் மட்டும் ஊரோடு இருக்கிறார். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். என் கணவர் ஷார்ஜாவில் இந்த மாதிரி வண்டிகளைப் பிரித்து மாட்டும் பட்டறையில் எட்டு வருடம் வேலை பார்த்தவர் என்று கேள்விப்பட்டு அந்த அக்கா ஒரு நாள் கூப்பிட்டு அனுப்பினார்.

"அத்தாவோட வண்டி தம்பி. விக்கவும் மனசு வரல, துருப்புடிச்சிப் போறத பாக்கவும் மனசு வரல. நீங்க வச்சிருங்க. ஓடுச்சின்னா ஒரு நாளு எங்க வூட்டு வாசல்ல கொண்டாந்து நிறுத்துங்க. அந்த சத்தத்த கேட்டா போதும்."

அப்போது என் மகளுக்கு மூன்று மாதம். வண்டி வாசலுக்குப் போய் நின்றபோது அவளுக்கு நான்கு வயது முடிந்திருந்தது. நடுவில் இருந்த காலமெல்லாம் பாகங்கள் தேடிய காலம்.

பெண்ணாடம் சாலையில் எங்கள் பட்டறை. பீங்கான் கம்பெனிகள் கழித்துக் கொட்டிய ஃபியூஸ் துண்டுகளைப் பரப்பி மேடாக்கிய இடம் என்பதால் மழை பெய்தாலும் தண்ணீர் நிற்காது. வெள்ளை வெளேரென்ற அந்தத் துண்டுகளின் மேல் சிவப்பு வண்டி சக்கரம் இல்லாமல் கட்டைகளில் நின்றது. சாதாரண வண்டி என்றால் கடலூரிலோ சென்னையிலோ எதுவும் கிடைக்கும். இதற்கு எங்கும் எதுவும் கிடையாது. தயாரித்த கம்பெனியே பாதிப் பாகங்களை நிறுத்திவிட்டது. உலகத்தில் இந்த வண்டியை வைத்திருக்கிறவர்கள் எல்லாம் ஒரு போன் குழுவில் இருந்தார்கள். ஒரு ரப்பர் குழாய் தாய்லாந்தில் ஒருவரிடம் இருக்கும், கதவுக் கைப்பிடி ஓமனில் இருக்கும். எஞ்சினில் மாற்றவேண்டிய கேஸ்கட் ஒன்றுக்காகப் பத்து மாதம் காத்திருந்தோம். பாகங்களின் எண்கள் எனக்கு மனப்பாடம். குழந்தைக்குத் தடுப்பூசி போடும் தேதிகளோடு சேர்த்து அதே நாட்காட்டியில்தான் அவற்றையும் எழுதி வைத்திருந்தேன்.

வந்த வழிகளும் விசித்திரமானவை. மங்கலம்பேட்டையில் யாராவது ஒருவர் எப்போதும் விடுமுறைக்கு வந்துகொண்டிருப்பார். ஷார்ஜாவில் என் கணவரின் பழைய கூட்டாளி, பழைய வண்டிகள் உடைக்கும் யார்டில் வேண்டியதைத் தேடி எடுத்து, ஊருக்கு வருகிறவர் பெட்டிக்குள் வைத்துவிடுவார். பால்பவுடர் டின்னில் வால்வுகள் வந்தன. போர்வைக்குள் சுற்றி ஒரு ரேடியேட்டர் வந்தது. பெட்டி வந்திருக்கிறது என்று அக்கா போன் செய்தால், பேரீச்சம்பழமும் பாகமும் சேர்த்து வாங்கிவருவோம். அப்படித்தான் கடைசியாக பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டரும் வந்தது. அது வந்ததும் வண்டி முடிந்தது என்றார் என் கணவர். ஒன்றே ஒன்றுதான் பாக்கி.

அது இரும்பில் ஒரு சின்னத் தொப்பி. சுண்டுவிரல் நுனியளவு. பிரேக்கை மிதித்தால் ஒரு ராடு முன்னால் போய் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ள வேண்டும். அந்த ராடின் நுனியில் இந்தத் தொப்பி இருக்கும். பழையது துருப்பிடித்து, கழற்றும்போது இரண்டாக உடைந்துவிட்டது. தனியாக அது எங்கும் கிடைக்காது. நெய்வேலியில் ஒரு லேத் பட்டறையில் கடைந்து வாங்கலாம், ஆனால் அந்த ஆள் காகிதத்தில் படம் இல்லாமல் எதையும் தொடமாட்டார்.

"நீ வரைஞ்சி குடு" என்றார் என் கணவர். "எங்கையில கோடு போட்டா கோலம் மாதிரி வருது."

நான் செராமிக் டிப்ளமோ படித்தவள். கல்யாணத்துக்கு முன் இங்கே ஒரு பீங்கான் கம்பெனியில் அச்சுப் பிரிவில் இருந்தேன். குழந்தை பிறந்த பிறகு வீட்டிலிருந்தே படம் வரைந்து கொடுக்கிறேன். ஃபியூஸ், இன்சுலேட்டர், ஸ்விட்ச் அடிக்கட்டை என்று மாதிரிகளை அனுப்புவார்கள். நான் அளந்து, அச்சுக்கு உரிய அளவைப் போட்டு அனுப்புவேன். களிமண் காயும்போதும் சுடும்போதும் சுருங்கும். சுட்டு எடுத்த பீங்கான் பத்து மில்லிமீட்டர் இருக்க வேண்டுமென்றால் அச்சு பதினொன்றேகால் இருக்க வேண்டும். எங்கள் கம்பெனி மண்ணுக்கு அதுதான் கணக்கு. முதல் வருடம் கால்குலேட்டரில் போட்டேன். பிறகு மனதில் போட்டேன். பிறகு மனதிலும் போடவில்லை. அளக்கும் வெர்னியர் கருவியில் ஒரு எண்ணைப் பார்த்தால் கை வேறு எண்ணை எழுதும்.

உடைந்த தொப்பியின் இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடித்து அளந்த அன்றைக்கு, மேசையில் கம்பெனியின் ஆறு மாதிரிகளும் இருந்தன. பக்கத்தில் மகளுக்குத் தோசை ஊட்டிக்கொண்டிருந்தேன். என் கணவர் எதிரே உட்கார்ந்து பிரேக்கைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இந்த தொப்பிக்கும் பிஸ்டனுக்கும் நடுவுல மயிரிழ எடம் இருக்கணும். இல்லன்னா காலை எடுத்தாக்கூட பிரேக்கு முழுசா வுடாது. லேசா புடிச்சிகினே இருக்கும். புடிக்க புடிக்க சூடாவும், சூடாவ சூடாவ இன்னும் புடிக்கும்."

"ம்" என்றேன். தோசைக்குச் சட்னி வேண்டாம், சர்க்கரை வேண்டும் என்று மகள் அழுதாள்.

தொப்பிக்கு உள்ளே ராடு நுழையும் துளையின் அளவை அவரே அளந்து சொன்னார். அதை அப்படியே எழுதினேன். நீளத்தை நான் அளந்தேன். படத்தை முடித்து, போனில் படம் பிடித்து லேத்காரருக்கு அனுப்பினேன். அனுப்புவதற்கு முன் இரண்டு முறை சரிபார்த்தேன். நான் எதையும் இரண்டு முறை பார்க்கிறவள். ஆனால் படத்தில் கோடுகளைப் பார்த்தேன், துளையைப் பார்த்தேன், எழுத்து தெளிவாக இருக்கிறதா என்று பார்த்தேன்.

தொப்பி வந்து மாட்டும்போது நானும் பட்டறையில் இருந்தேன். பழைய துண்டுகளைச் சேர்த்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "புதுசு கொஞ்சம் நீளமா தெரியுதே" என்றார் என் கணவர்.

"பழசு தேஞ்சி போயிருக்குமில்ல" என்றேன்.

நான்தான் சொன்னேன். அவர் யோசிப்பதற்கு இருந்த அந்த ஒரு நிமிடத்தையும் நானே எடுத்துக்கொண்டேன். "அதும் சரிதான்" என்று மாட்டிவிட்டார். பக்கத்தில் இருக்கும் பெரியார் நகர் வரை ஓட்டிப்போய்த் திரும்பினார். பிரேக் கல் மாதிரி நிற்கிறது என்று அவ்வளவு சந்தோஷம். என் மாமியாரிடம்கூட, "அம்மா, ஒம் மருமவ போட்ட ட்ராயிங்கு" என்று பெருமையாகச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அக்கா வீட்டுக்கு வண்டியைக் காட்டக் கிளம்பினார். மகளையும் கூட்டிப்போவதாகச் சொன்னார். எனக்குப் பிடிக்கவில்லை. ஸ்டியரிங் இடப்பக்கம் இருப்பதால் பக்கத்து இருக்கை சாலையின் நடுப்பக்கம் வரும். எதிரே வருகிற பஸ் எல்லாம் மகளைத் தாண்டித்தான் போகும். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்கிறவள் என்று ஏற்கெனவே பெயர் எடுத்திருக்கிறேன். அதனால் குழந்தை இருக்கையின் பெல்ட்டை மட்டும் நானே மாட்டி, இழுத்துப் பார்த்து, மறுபடி இழுத்துப் பார்த்தேன்.

"உடுமா, பாப்பாவுக்கு மூச்சு முட்டப்போவுது" என்றார்.

வண்டி தெருமுனையில் திரும்பும்போது அவர் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்திருக்க வேண்டும். யாரோ பின்னாலிருந்து இழுத்துப் பிடித்தது போல வேகம் குறைந்தது. அதை நான் பார்த்தேன். பிரேக் நன்றாக இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

பத்து மணி இருக்கும். வீட்டைக் கூட்டி முடித்துவிட்டு, கம்பெனி வேலையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நோட்டைப் பிரித்தால், முந்தைய பக்கத்து மூலையில் பென்சிலில் ஒரு எண் இருந்தது. "தொப்பி நீளம் 10.0." வெர்னியரில் பார்த்ததும் கிறுக்கியது. பக்கத்தைப் புரட்டிவிட்டேன். மறுபடி திருப்பினேன். எதற்கு என்று தெரியவில்லை, போனை எடுத்து லேத்காரருக்கு அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். என் கையெழுத்தில், அழகாக, தெளிவாக, 11.25.

நோட்டையும் போனையும் மாறி மாறிப் பார்த்தேன். ஏதாவது ஒன்று மாறாதா என்று. ஒருவேளை பென்சில் எண் தவறோ? ஒருவேளை அது வேறு எதன் அளவோ? பழைய துண்டுகள் பட்டறையில் இருக்கின்றன, போய் அளந்து பார்த்துவிட்டு வரலாமா? அதற்கு அரை மணி நேரமாகும். மயிரிழை இடம் இருக்க வேண்டும் என்றார். நான் ஒன்றேகால் மில்லிமீட்டர் கூட்டிக் கொடுத்திருக்கிறேன். புடிக்க புடிக்க சூடாவும். சூடாவ சூடாவ இன்னும் புடிக்கும். தோசை ஊட்டிக்கொண்டு ம் என்று சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் இப்போது கேட்டது. அப்புறம் என்ன சொன்னார்? ரொம்பச் சூடானால் உள்ளே இருக்கும் பிரேக் ஆயில் கொதிக்கும், கொதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விடும், வண்டி நிற்காது. அதையும் சொன்னார்.

போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வண்டி ஓட்டும்போது அவருக்குப் போன் செய்வதில்லை என்று எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம். போன வருடம் அவர் சென்னைக்குப் போனபோது பதினோரு தடவை கூப்பிட்டுவிட்டேன். வந்ததும் கோபப்படாமல்தான் சொன்னார். "போன் அடிச்சா கையி அங்க போவுது, கண்ணு அங்க போவுது. நீ பயந்துகினு அடிக்கிற போனாலயே ஒரு நாளு எதனா ஆயிடும்." அன்றிலிருந்து, போய்ச் சேர்ந்ததும் அவரே கூப்பிடுவார். நான் கூப்பிடமாட்டேன். இப்போது கூப்பிட்டால் அவர் வேகத்தில் இருக்கும்போது மணி அடிக்கலாம். கூப்பிடாவிட்டால் அவருக்குத் தெரியாது. எழுதி அனுப்பலாம் என்று, "பிரேக் போடாதீங்க, வண்டியை உடனே நிறுத்துங்க" என்று எழுதினேன். படித்துப் பார்த்து அழித்தேன்.

அக்காவுக்குப் போட்டேன்.

"இப்பதாம்மா கெளம்புனாங்க. பத்து நிமிசம் இருக்கும். வாசல்ல நிறுத்தி உறுமவுட்டாரு பாரு, எனக்கு அழுகையே வந்துடுச்சி."

"எந்தப் பக்கம் போனாங்கக்கா? வூட்டுக்கா?"

"இல்லம்மா, உளுந்தூர்பேட்ட பக்கம். ஹைவேல ஒரு ஓட்டம் ஓட்டிட்டு வரேன்னாரு. பாப்பா உடமாட்டேன்னுது. வேகமா போப்பா, வேகமா போப்பான்னு ஒரே கூச்சலு."

"அக்கா, வண்டிகிட்ட கருகுன வாசம் ஏதாவது வந்துச்சா?"

"அட, ஆமா. எம் பையன்கூட கேட்டான். புது பிரேக் பேடு போட்டிருக்கேன், மொதல்ல அப்படித்தான் வாசம் வரும்னாரு. ஏம்மா, என்னா?"

புது பேடுக்கு வாசம் வரும் என்பது உண்மைதான். அவருக்கும் நம்ப ஒரு காரணம் கிடைத்திருக்கிறது, எனக்குக் கிடைத்தது போல.

அதன் பிறகு அவருக்குக் கூப்பிட்டேன். ஒப்பந்தத்தை மீறி. மணி முழுதாக அடித்து நின்றது. இன்னொரு முறை அடிக்கக் கை வந்தது, அடக்கிக்கொண்டேன். அது சரியா தப்பா என்று இப்போதும் தெரியவில்லை.

மாமியார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "என்னாடி, மொவம் வெளுத்துப் போச்சி?"

"அத்த, வண்டி பிரேக்குல ஒரு தப்பு இருக்குது. நான் போவணும்."

"ஆரம்பிச்சிட்டியா? போன மாசம் கேஸு லீக்காவுதுன்னு அடுப்பையே பத்தவைக்கவுடாம ஓட்டலு இட்லி துன்னோம். அதுக்கு முன்ன பாப்பா பட்டன முழுங்கிட்டான்னு ஆஸ்பத்திரிக்கு ஓடுன, பட்டனு கட்டிலுக்கு அடியில கெடந்திச்சி. எம் புள்ள எட்டு வருசம் இதே வேலைய பாத்தவன்."

"இது அப்படியில்லத்த. தப்பு நான் பண்ணது. அளவ தப்பா போட்டுட்டேன். எழுதனது எங்கிட்டயே இருக்குது."

அவர் கையில் இருந்த கீரை அப்படியே நின்றது. என் முகத்தைப் பார்த்தார். நான் பயந்ததை அவர் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறார். நான் தப்பு செய்தேன் என்று சொன்னதைப் பார்த்ததில்லை போலிருக்கிறது. எழுந்து, ஆணியில் மாட்டியிருந்த ஸ்கூட்டி சாவியை எடுத்து என் கையில் வைத்தார். "போ. மொள்ளமா போ. நீயும் வுழுந்து வெக்காத."

உளுந்தூர்பேட்டை சாலையில் அவ்வளவு வேகமாக நான் அதற்கு முன் ஓட்டியதில்லை. வேகம் என்றால் ஐம்பதுதான். இரண்டு பக்கமும் முந்திரித் தோப்பு. கரும்பு டிராக்டர் ஒன்று வழியை அடைத்துக்கொண்டு போனது, அதைத் தாண்டப் பயந்து பின்னாலேயே போனேன். தாண்டியிருக்கலாம், இரண்டு இடத்தில் வழி இருந்தது. சாலையோரம் ஒரு கூட்டம் தெரிந்தபோது வேகத்தைக் குறைத்தேன். பக்கத்தில் போனால் பலாப்பழ லாரி. பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு புளியமரத்தின் அடியையும் பார்த்தேன். பள்ளங்களைப் பார்த்தேன். சிவப்பாக எதைக் கண்டாலும் வண்டியை மெதுவாக்கினேன். சிவப்பு எத்தனை இருக்கிறது ஒரு சாலையில் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

எதிரே வந்த ஆம்புலன்ஸ் ஒன்று சத்தமில்லாமல், சாதாரணமாகப் போனது. உள்ளே யாரும் இல்லை என்று அர்த்தமா, அவசரம் தீர்ந்துவிட்டது என்று அர்த்தமா? நின்று திரும்பிப் பார்த்தேன். அதைத் துரத்திப் போவதா, முன்னால் போவதா? முன்னாலேயே போனேன்.

மங்கலம்பேட்டையைத் தாண்டி ஏழெட்டு கிலோமீட்டரில், ஒரு சின்னப் பாலத்துக்கு முன்னால், தவக்களை நின்றது. பாதி மண்ணில், பாதி தாரில். முன்மூடி திறந்திருந்தது. முன் சக்கரங்களிலிருந்து மெலிதாகப் புகை வந்துகொண்டிருந்தது. மகள் பாலத்துச் சுவரில் உட்கார்ந்து அக்கா வீட்டு பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்தாள். பின்னால் தலையாட்டிக்கொண்டு ஒரு ஆடு.

ஸ்கூட்டியை ஸ்டாண்டு போட மறந்து விட்டுவிட்டேன். அது பின்னால் விழுந்த சத்தம் கேட்டது. மகளைத் தூக்கினேன். தலையைத் தடவினேன். கை, கால், கழுத்து எல்லாம் பார்த்தேன்.

"அம்மா, தவக்களைக்கு ஜொரம்" என்றாள்.

என் கணவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனில் கத்திக்கொண்டிருந்தார். எதிர்முனையில் ஷார்ஜா கூட்டாளி. "என்னா மாப்ள மாஸ்டரு அனுப்பியிருக்க? இருவது கிலோமீட்டரு தாங்கல, அப்படியே புடிச்சிக்கிச்சி. ஒரிஜினலுன்னு சொன்ன. எவன் தலையிலயோ கட்டவேண்டியத எந்தலையில கட்டிட்டியா? புள்ளைய ஒக்கார வெச்சிகினு வந்தன்டா!"

என்னைத் திரும்பிப் பார்த்தவர், போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு, "நீ எப்படி வந்த?" என்றார்.

மகள் என் தோளில் இருந்தாள். உயிரோடு, பிஸ்கட் வாசனையோடு. சொல்லாமல் இருக்கலாம் என்ற எண்ணம் அந்த நேரத்தில் எனக்கு வந்ததை மறைக்கப் போவதில்லை. மாஸ்டர் சிலிண்டரின் மேல் பழி போய்விட்டது. அவர் வேறொன்றை வரவழைப்பார். யாருக்கும் தெரியாது. ஆனால் வேறொன்று வந்தாலும் தொப்பி இதே தொப்பிதான். மறுபடி மாட்டுவார், மறுபடி கிளம்புவார், மறுபடி மகள் அந்த நடுப்பக்கத்து இருக்கையில் உட்காருவாள்.

"போன வைங்க. மாஸ்டரு நல்லாதான் இருக்குது. நான்தான்."

"நீதான்னா?"

"தொப்பி பத்துதான் இருக்கணும். நான் அச்சுக் கணக்குல எழுதிட்டேன். பதினொண்ணேகால்."

அவர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து அந்த ஒன்றேகாலின் இடைவெளியைப் பிடித்துப் பார்த்தார். பிறகு சிரித்தார். "இரும்ப எடுத்து சூளையில வெச்சி சுடப்போறேன்னு நெனச்சியா?" போனில், "மாப்ள, மன்னிச்சுக்கடா, மாஸ்டரு தங்கம். இங்க ஒரு சூளைக்காரி இருக்கா, அவ வேல இது" என்று சொல்லி வைத்தார்.

நான் சிரிக்கவில்லை. அவரும் சிரித்து முடித்தபின் புகையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆரம்பத்துலயே இழுத்துச்சி. வண்டி சும்மாவே தயங்குது. எஞ்சின்னு நெனச்சி நான் இன்னும் மிதிச்சேன். மிதிச்சி மிதிச்சி ஓட்டுனேன். அப்புறம் பெடலு கால் வெக்க முடியாத கெட்டி. அப்பதான் கியர எறக்கி ஓரங்கட்டுனேன்." சாலையைக் காட்டினார். "இங்க சின்ன ரோடு, வேகம் இல்ல. ஹைவே போயிருந்தா ஆயில் கொதிச்சி..." என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "போவல இல்ல? அவ்ளோதான்."

"நீளமா தெரியுதுன்னு நீங்க சொன்னீங்க. நான்தான் தேஞ்சிருக்கும்னேன்."

"நான் அளந்திருக்கணும். உன் ட்ராயிங்குன்னு அளக்கல." அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

ஸ்பேனரை எடுத்து, மாஸ்டர் சிலிண்டரைப் பிடித்திருந்த இரண்டு நட்டுகளைச் சில சுற்று தளர்த்தினார். உள்ளே எங்கோ ஒரு பெருமூச்சு போலச் சத்தம். கையால் தள்ளிப் பார்த்தார். வண்டி அசைந்தது. சக்கரம் ஆறும் வரை ஒரு மணி நேரம் முந்திரி நிழலில் உட்கார்ந்திருந்தோம். தண்ணீர் ஊற்றினால் என்ன என்று கேட்டேன். சக்கரத்துக்குள் இருக்கும் பிரேக் டிஸ்க் வெடித்துவிடும் என்றார்.

பிறகு அவர் முதல் கியரில், பிரேக்கைத் தொடாமல், அந்த வண்டியை வீடு வரை நடத்திக் கூட்டிவந்தார். நான் மகளை முன்னால் நிறுத்திக்கொண்டு ஸ்கூட்டியில் பின்னால் வந்தேன். தவக்களையில்தான் வருவேன் என்று அவள் வழியெல்லாம் அழுதாள்.

மறுநாள் வெர்னியரையும், உடைந்த துண்டுகளையும், வெள்ளைத் தாளையும் என் முன்னால் வைத்தார்.

"வேற யாராவது வரையட்டும்" என்றேன்.

"வேற யாரு?"

ஒன்பது முறை அளந்தேன். ஒவ்வொரு முறையும் கண்ணை எடுத்து, சுவரைப் பார்த்துவிட்டு, மறுபடி அளந்தேன். 10.0. எழுதிய பிறகு பக்கத்தில், "இதுவே முடிந்த அளவு. கூட்ட வேண்டாம், குறைக்க வேண்டாம்" என்று எழுதினேன். அது லேத்காரருக்கு எழுதியதா, எனக்கு எழுதியதா என்று தெரியவில்லை. தாளை என் கணவரிடம் கொடுத்து அவரையும் அளக்கச் சொன்னேன். அளந்தார். பத்து என்றார். இன்னொரு முறை அளங்க என்றேன். அளந்தார்.

புதுத் தொப்பி வந்தது. மாட்டுவதற்கு முன் நாங்கள் இரண்டு பேரும் அளந்தோம். மறுநாள் காலை ஓட்டிப் பார்க்கப் போகிறேன் என்றார். மகள் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடிவந்தாள். அவளைத் தூக்கி மாமியாரிடம் கொடுத்துவிட்டு, நான் போய் அந்த இருக்கையில் உட்கார்ந்தேன்.

"நீயா? வாந்தி எடுப்பியே."

"எடுத்தா எடுக்கிறேன். ஓட்டுங்க."

இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு முறை நிறுத்தச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் இறங்கிப் போய், முன் சக்கரத்தின் ஓட்டைகள் வழியாகக் கையை உள்ளே கொண்டுபோய், டிஸ்க்கைத் தொடாமல், பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முதல் தடவை ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் தடவை வெயிலில் நின்ற தகரம் போல இருந்தது. நடுவில் ஒரு பஸ் எதிரே வந்து, என் காதோரம் உரசுவது போலப் போனபோது, நான் கண்ணை மூடிக்கொண்டு காலால் தரையை மிதித்தேன், என் பக்கம் பிரேக் இருப்பது போல. மூன்றாம் தடவை மங்கலம்பேட்டைக்குப் போகும் வழியில் நிறுத்தினோம். கையில் சூடு தெரிந்தது.

"சூடா இருக்குது" என்றேன்.

அவர் இறங்கி வந்து அவரும் கையை வைத்துப் பார்த்தார். "பிரேக்குன்னா சூடாத்தான் இருக்கும்மா. மிதிச்சமில்ல? அந்த சூடு."

"எவ்ளோ சூடு வரைக்கும் சரி?"

"கை வெக்க முடியுதில்ல?"

"முடியுது."

"அப்போ சரி."

அவர் போய் உட்கார்ந்துகொண்டார். நான் கையை எடுக்கவில்லை. இடது சக்கரத்தில் வைத்த கையை எடுத்து வலது சக்கரத்தில் வைத்தேன். இரண்டும் ஒரே சூடுதானா, ஒன்று கூடவா? உள்ளிருந்து ஹாரன் அடித்தார். இன்னும் கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்துவிட்டு ஏறிக்கொண்டேன். அடுத்த இரண்டு கிலோமீட்டர் எங்கே வருகிறது என்று கிலோமீட்டர் கல்லை எண்ணத் தொடங்கினேன்.